கல்லாவில் டெபோரா, அச்சகத்தில் பெஞ்சமின்: ஒரு தம்பதி கடையின் கதை

காலையில் கடை ஷட்டரை நீங்கள் இருவரும் சேர்ந்துதான் தூக்குகிறீர்கள். ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தால் இன்னொருவர் சரக்கு பார்க்கிறார். நடுவில் பிள்ளையின் டிபன் பாக்ஸ், மாமியாரின் மாத்திரை, கேஸ் சிலிண்டர். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு ஒரு சின்னச் சண்டை. அது கடைச் சண்டையா, வீட்டுச் சண்டையா? உங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. சரிதானே?

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் வந்ததில்லை. கிட்டத்தட்ட 300 வருடங்களுக்கு முன்னால், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் இப்படித்தான் ஒரு தம்பதி கடை நடத்தினார்கள். கணவரை உங்களுக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் முகம், இடி மின்னலில் பட்டம் விட்ட மனிதர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மனைவியின் பெயர் டெபோரா. அவரைத்தான் பலருக்கும் தெரியாது.

ஃபிராங்க்ளின் விஞ்ஞானி, தூதர், தேசத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அதெல்லாம் பின்னால் வந்தது. முதலில் அவர் ஒரு கடைக்காரர். அந்தக் கடை எப்படி நின்றது, அதற்கு வீடு என்ன விலை கொடுத்தது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

ரொட்டியோடு வந்த பையன்

1706-ல் பாஸ்டன் நகரில், சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்கும் ஒருவரின் வீட்டில் பிறந்தார் ஃபிராங்க்ளின். அப்பாவுக்கு மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-வது. பத்து வயதோடு படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணன் அடித்தார், தம்பிக்கு ரோஷம் வந்தது. 17 வயதில் யாருக்கும் தெரியாமல் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்.

1723 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் வந்து இறங்கியபோது பயணத்தில் கசங்கிய உடை, பையில் கொஞ்சம் சில்லறை, வயிற்றில் பசி. மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கினார். இரண்டைக் கைக்கு ஒன்றாக அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் கடித்தபடி மார்க்கெட் தெருவில் நடந்தார். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் அவரைப் பார்த்து, என்ன கோமாளித்தனமான ஆள் என்று நினைத்துக்கொண்டார். அவர்தான் டெபோரா ரீட்!

கொஞ்ச நாளில் அதே வீட்டிலேயே வாடகைக்குக் குடியேறினார் ஃபிராங்க்ளின். இருவருக்கும் பிடித்துப்போனது. ஆனால், அச்சகம் வைக்கச் சாமான் வாங்கிவர உதவுகிறேன் என்று ஒரு பெரிய மனிதர் சொன்ன வார்த்தையை நம்பி, 1724-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அந்த உதவி வரவே இல்லை. அங்கிருந்து டெபோராவுக்கு அவர் எழுதியது ஒரே ஒரு கடிதம். இப்போதைக்குத் திரும்பி வர வாய்ப்பில்லை என்பதுதான் அதிலிருந்த சேதி.

டெபோராவின் அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார். அம்மாவும் உறவினர்களும் சேர்ந்து ஒரு குயவருக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். அந்த ஆளுக்கு இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதாகப் பேச்சு வந்தது. டெபோரா பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டார். அந்தக் கணவரோ கடனை வைத்துவிட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடிப்போனார்.

வரதட்சணைக்குப் பதிலாக வந்த பங்குதாரர்

1726-ல் ஃபிராங்க்ளின் திரும்பி வந்தார். 1728-ல் ஒரு நண்பரோடு கூட்டுச் சேர்ந்து அச்சகம் தொடங்கினார். அடுத்த வருடமே ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கி நடத்த ஆரம்பித்தார். கூட்டாளியோ குடிப்பழக்கம் உள்ளவர், வேலையிலும் மனமில்லை. அவர் விலகிக்கொள்ள, கடன் மொத்தமும் ஃபிராங்க்ளின் தலையில் விழுந்தது.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வரன் பேசினார்கள். அவர் என்ன கேட்டார் தெரியுமா? அச்சகக் கடனை அடைக்க ஏறத்தாழ 100 பவுண்டு. பெண் வீட்டார் அவ்வளவு பணம் இல்லை என்றார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமே என்றார் இவர். அச்சுத் தொழிலில் லாபமே கிடையாதாம், விசாரித்துவிட்டோம் என்று அவர்கள் சம்பந்தத்தையே முறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் 1730 செப்டம்பரில் பெஞ்சமினும் டெபோராவும் கணவன் மனைவியாக வாழத் தொடங்கினார்கள். தேவாலயத்தில் சடங்கு எதுவும் நடக்கவில்லை. ஓடிப்போனவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவர் திரும்பி வந்தால் இருதார மணக் குற்றம். கசையடியும் ஆயுள் சிறையும்தான் தண்டனை. அதனால் ஊரறிய ஒன்றாகக் குடியேறியதே கல்யாணம் ஆனது.

டெபோரா பணம் எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால், அந்த 100 பவுண்டைவிடப் பெரிய முதலீடாக வந்தார். எப்படி என்று கேட்கிறீர்களா?

ஒரே கூரை, மூன்று தொழில்

மார்க்கெட் தெருவில் வீடும் கடையும் அச்சகமும் ஒன்றாகவே இருந்தன. ஃபிராங்க்ளின் எழுத்துக் கோப்பார், அச்சடிப்பார், பத்திரிகைக்கு எழுதுவார். அச்சாகி வந்த தாள்களை மடித்துத் தைத்துப் புத்தகமாக்குவது டெபோராவின் வேலை. கடையில் நின்று விற்பதும் அவர்தான்.

காகிதம், மை, பத்திரப் படிவங்கள், புத்தகங்கள், காப்பி என்று கடையில் பல சரக்கு. ஃபிராங்க்ளின் குடும்பத்தார் பாஸ்டனில் செய்த சோப்பு இங்கே விற்பனைக்கு வந்தது. கூடவே வந்து சேர்ந்த மாமியார், தம் கைப்பக்குவத்தில் செய்த சொறி, சிரங்குக் களிம்பை மாப்பிள்ளையின் கடையிலேயே விற்றார். பத்திரிகையில் அதற்கு விளம்பரமும் வந்தது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம் என்பவர்கள் இதைக் கவனிக்கணும்!

இன்னொரு வேலையும் டெபோராவுடையது. அந்தக் காலத்தில் காகிதம் செய்யக் கந்தல் துணிதான் மூலப்பொருள். பழைய லினன் துணிகளை விலைக்கு வாங்கிச் சேர்த்து, காகித ஆலைக்கு அனுப்ப வேண்டும். வாசலில் கந்தல் வாங்கி, அது காகிதமாகித் திரும்பியதும் அச்சடித்து, மடித்து, தைத்து, அதே வாசலில் விற்கிற கடை அது.

டெபோராவுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. எழுத்துப்பிழை ஏராளம், காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதுவார். ஆனாலும் கடைக் கணக்கு நோட்டில் அவர் கையெழுத்தில் பதிவுகள் இருக்கின்றன. யார் என்ன வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்பது எழுத்துப்பிழையோடு எழுதினாலும் கணக்குதானே!

1732 கடைசியில் ஃபிராங்க்ளின் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். நாள், நட்சத்திரம், வானிலையோடு நடுநடுவே பழமொழியும் நகைச்சுவையும். வருடத்துக்கு 10,000 பிரதிகள் வரை விற்ற சரக்கு அது. 1737-ல் அவர் ஃபிலடெல்ஃபியாவின் அஞ்சலக அதிகாரி ஆனார். அஞ்சலகமும் இவர்கள் வீட்டுக்கே வந்தது. கடிதம் வாங்க வருகிறவர் கடையைப் பார்ப்பார், கடைக்கு வருகிறவர் பத்திரிகையைப் பார்ப்பார். அவர் வெளியூர் போனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது டெபோரா.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 1733-ல் ஊருக்குப் போகும்போது, தம் சார்பில் எல்லா வரவு செலவையும் கவனிக்க மனைவிக்கு முறையாகப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார் ஃபிராங்க்ளின். திருமணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்துரிமையே இல்லாத காலம் அது. வாயால் நீ பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போகாமல், காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

23 ஷில்லிங் கிண்ணம்

ஆரம்பத்தில் ரொம்பச் சிக்கனமான குடும்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலையாள் கிடையாது, மலிவான மேஜை நாற்காலி. ஃபிராங்க்ளினுக்குக் காலையில் பாலும் ரொட்டியும்தான். இரண்டு பென்னி மண் கிண்ணம், ஈயக் கரண்டி.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும்! விலை 23 ஷில்லிங். கணவருக்குத் தெரியாமல் டெபோரா வாங்கியது. அக்கம்பக்கத்து ஆண்கள் சாப்பிடுவதுபோல் தம் கணவரும் சாப்பிடத் தகுதி உள்ளவர்தான் என்பதைத் தவிர அவர் வேறு காரணம் சொல்லவில்லை. சிக்கனத்தை ஊருக்கே போதித்தவரின் வீட்டுக்குள் ஆடம்பரம் நுழைந்த கதையை ஃபிராங்க்ளினே தம் சுயசரிதையில் ரசித்து எழுதியிருக்கிறார். அந்தக் காசை ஈட்டியதில் தம் உழைப்பும் உண்டு என்பது டெபோராவுக்குத் தெரியும்.

கடை நிற்காது, துக்கமும் காத்திருக்காது

வீட்டுக்குள் எல்லாம் சுலபமாக இல்லை. ஃபிராங்க்ளினுக்குத் திருமணத்துக்கு வெளியே வில்லியம் என்று ஒரு மகன் பிறந்திருந்தான். தாய் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் குழந்தையைத் தம் வீட்டில் வளர்த்தார் டெபோரா. அது அவருக்கு எளிதாக இருந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

1732-ல் அவர்களுக்கு ஃபிரான்சிஸ் பிறந்தான். சுட்டிப் பயல். 1736-ல், நாலு வயதில், பெரியம்மை அவனைக் கொண்டுபோனது. அம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறிதளவு உடலில் ஏற்றி நோயைத் தடுக்கும் முறை அப்போதே இருந்தது. ஃபிராங்க்ளின் அதை ஆதரித்தவர். பையனுக்கு வயிறு சரியில்லை, தேறட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் நோய் முந்திக்கொண்டது.

அம்மை ஏற்றியதால்தான் குழந்தை இறந்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மற்ற பெற்றோர் பயந்துவிடக் கூடாது என்று, தம் பிள்ளைக்கு அது போடப்படவே இல்லை என்பதைத் தம் பத்திரிகையிலேயே அச்சிட்டார் ஃபிராங்க்ளின். மகனின் மரணச் செய்தியைத் தன் அச்சகத்திலேயே அடிக்க நேர்ந்த அப்பா அவர். கடைசிவரை அந்தத் தள்ளிப்போடலை நினைத்து வருந்தினார்.

1743-ல் மகள் சாரா பிறந்தாள். வசதியும் பெருகியது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வசதி வந்த பிறகு அந்த வீட்டில் அடிமைகளும் வேலை செய்தார்கள். அடிமை விற்பனை விளம்பரங்களும் அவர் பத்திரிகையில் வந்தன. முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பது உண்மைதான். ஆனால், அந்தக் குடும்பத்தின் வளர்ச்சிக்கு அவர்கள் உழைப்பும் காரணம் என்பதும் உண்மை.

கணவர் கடையைத் தாண்டினார்

1748-ல், 42 வயதில், ஃபிராங்க்ளின் அச்சகத்தைத் தம் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தார். 18 ஆண்டுகளுக்கு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம். இனி பணத்துக்காக உழைக்க வேண்டியதில்லை. மின்சார ஆராய்ச்சி, ஊர்ப்பணி, அரசியல் என்று அவர் உலகம் விரிந்தது.

டெபோராவின் உலகம்? அது மார்க்கெட் தெருவிலேயே இருந்தது. இவ்வளவு நாள் இருவருக்கும் பொதுவாக இருந்த அந்த மேஜை மட்டும் நடுவில் இல்லாமல் போனது.

1757-ல் மாகாணத்தின் பிரதிநிதியாக லண்டனுக்குப் புறப்பட்டார். இந்த முறையும் மனைவிக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். கூட வரும்படி அழைத்தும் டெபோரா போகவில்லை. அவருக்குக் கடல் என்றால் பயம். சில மாதங்களில் வேலை முடியும் என்று போனவர், ஐந்து வருடம் கழித்து 1762-ல்தான் வந்தார்.

ஒரு சின்னச் சம்பவம். மின்சார மேகம் வீட்டுக்கு மேலே வந்தால் தானாக அடிக்கும்படி வீட்டுக்குள் மணிகளைப் பொருத்தியிருந்தார் ஃபிராங்க்ளின். ஆராய்ச்சியாளர் லண்டனில், மணி அடிப்பதோ டெபோராவின் தலைக்கு மேலே! பயந்துபோய் இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். வழிமுறை கடிதத்தில் வந்தது. கப்பலில் கடிதம் வந்துசேர வாரக்கணக்காகும், சில சமயம் மாதக்கணக்காகும்.

1764 நவம்பரில் ஃபிராங்க்ளின் மறுபடி லண்டன் போனார். இருவரும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை.

அவர் இல்லாத அந்த வருடங்களில் டெபோரா செய்ததைப் பாருங்கள். பாதியில் நின்ற புது வீட்டைக் கட்டி முடித்தார். 1765-ல், பத்திரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இங்கிலாந்து விதித்த முத்திரை வரியை ஃபிராங்க்ளின் ஆதரித்தார் என்ற கோபத்தில், கூட்டம் ஒன்று அந்த வீட்டைத் தாக்கப்போவதாகத் தகவல் வந்தது. மகளைப் பக்கத்து மாகாணத்துக்கு அனுப்பினார். அவரையும் போகச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். சகோதரரையும் உறவினரையும் துப்பாக்கியோடு வரச்சொல்லி, மாடி அறையை ஆயுதக் கிடங்காக்கி, வீட்டிலேயே உட்கார்ந்தார். தான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, பிறகு ஏன் வீட்டைவிட்டுப் போகணும் என்பதுதான் அவர் கேள்வி. வீட்டுக்கு எதுவும் ஆகவில்லை.

1767-ல் மகள் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தொழிலில் கடன். சம்மதிப்பதா, வேண்டாமா? அப்பா கடல் தாண்டி இருக்கிறார். முடிவைச் சுமந்ததும் அம்மாதான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

1769 வாக்கில் டெபோராவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் ஞாபகமும் தடுமாறின. கணக்கு வழக்கில் குழப்பம் வந்து, அங்கே இங்கே கடன் வாங்கினார். 1771-ல் லண்டனிலிருந்து ஒரு கண்டிப்பான கடிதம் வந்தது. நல்ல காலத்திலேயே பண விஷயத்தில் அவ்வளவு கவனம் இல்லாதவர்தானே என்கிற மாதிரி அதில் ஒரு குத்தல். கடையில் நின்று ஒவ்வொரு ஷில்லிங்காகக் கணக்கு எழுதியவருக்கு வந்த கடிதம்!

அதே 1771-ல்தான் ஃபிராங்க்ளின் தம் சுயசரிதையை எழுத உட்கார்ந்தார். அதில் டெபோராவை, கடையில் தமக்குப் பெரிதும் உதவிய நல்ல துணை என்று புகழ்ந்திருக்கிறார். ஊருக்கு எழுதிய பாராட்டும் வீட்டுக்கு எழுதிய கண்டிப்பும் ஒரே வருடத்தில், ஒரே கையிலிருந்து வந்தவை.

வந்துவிடுங்கள் என்று டெபோரா கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த கப்பலில், அடுத்த வசந்தத்தில் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். 1773-க்குப் பிறகு டெபோராவின் கடிதங்கள் நின்றுபோயின. 1774 டிசம்பர் 19 அன்று அவர் இறந்தார். ஃபிராங்க்ளின் ஊர் திரும்பியது 1775 மே மாதம். 44 வருடத் தாம்பத்தியத்தின் கடைசி 17 வருடங்களில் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தது ஏறத்தாழ 2 வருடங்கள்.

அதன் பிறகு அவர் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார், பிரான்ஸுக்குத் தூதராகப் போனார், புகழின் உச்சியைப் பார்த்தார். 1790-ல், 84 வயதில் மறைந்தார். உயிலின் தொடக்கத்தில் தம்மை முதலில் அச்சுத் தொழிலாளி என்றுதான் குறிப்பிட்டார். கல்லறைக்கு எளிமையான ஒரு கல் போதும் என்றார். ஃபிலடெல்ஃபியாவில் இன்றும் அந்தக் கல் இருக்கிறது. அதில் பதவி இல்லை, பட்டம் இல்லை. பெஞ்சமின், டெபோரா என்று இருவர் பெயரும், ஒரு வருடமும் மட்டும். பக்கத்திலேயே நாலு வயது ஃபிரான்சிஸ்.

உங்கள் கடைக்கு வருவோம்

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. கடை சின்னதாக இருந்தவரை இருவரும் ஒரே மேஜையில் நின்றார்கள். ஒருவர் இன்னொருவரின் உழைப்பைத் தினமும் கண்ணால் பார்த்தார். தொழில் வளர்ந்ததும் அந்தப் பார்வைதான் முதலில் போனது.

அதனால், உங்கள் துணைக்குப் பொறுப்பு கொடுத்தால் ஃபிராங்க்ளின்போல உரிமையையும் காகிதத்தில் கொடுங்கள். ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று எங்காவது ஓரிடத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். கணக்கில் தப்பு வந்தால், கணக்கைக் கேட்பதற்கு முன்னால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைக்குப் போட வேண்டிய தடுப்பூசியைச் சீசன் முடியட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள். இரண்டாவது கிளை திறக்கப்போகிறீர்களா? நல்லது. அதற்கு முன், தினமும் எந்த நேரத்தில் சேர்ந்து உட்காரப்போகிறீர்கள் என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நல்ல துணை என்று சொல்லத் தோன்றினால், அதைச் சுயசரிதைக்காக எடுத்துவைக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி ஷட்டரை இறக்கும்போதே சொல்லிவிடலாம்.